பழைய பைபர் படகுக்குப் புது ஸ்டீரியோ: பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

பதினைந்து, இருபது வருடப் பழைய உல்லாசப் படகில் இருக்கும் ஸ்டீரியோ பெரும்பாலும் கார் செட்தான். கேசட் செட் என்றால் உள்ளே பெல்ட் இளகிப் பசையாகியிருக்கும். சி.டி. செட் என்றால் லென்ஸ் மங்கியிருக்கும். இதையெல்லாம் பழுது பார்க்கப் பணம் செலவழிப்பது வீண். புளூடூத், யு.எஸ்.பி. உள்ள ஒரு செட்டை வாங்கி மாட்டினால் அரை நாளில் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். பழையதைப் பிடுங்கி, தொங்கும் ஒயர்களைப் புது செட்டின் ஒயர்களோடு முறுக்கி, டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அன்றைக்குப் பாட்டு நன்றாகவே கேட்கும். ஐப்பசி மழை பிடித்த பிறகு, சத்தத்தைக் கூட்டினாலே செட் அணைந்து அணைந்து எரியும். பழி புது செட்டின் மேல் விழும்.

செட்டில் ஒன்றும் இருக்காது. தரங்கம்பாடி முதல் அதிராம்பட்டினம் வரை எங்கே கட்டிக் கிடந்தாலும் உப்புக்காற்று படகின் ஒயரைத்தான் முதலில் தின்கிறது. அதனால் இந்த வேலையைப் பேட்டரியில் ஆரம்பித்து செட்டில் முடிக்க வேண்டும். செட்டுக்குப் போடும் பணத்தில் பாதியாவது ஒயர், பியூஸ், லக்கு (ஒயர் முனையில் அழுத்தி மாட்டும் உலோகத் துண்டு), சுவிட்சுக்கு ஒதுக்குங்கள். கையில் இருப்பது குறைவு என்றால் செட்டை மலிவாக வாங்கலாம், ஒயரை மலிவாக வாங்கக் கூடாது.

ஒயர் உயிரோடு இருக்கிறதா?

பழைய செட்டைக் கழற்றியதும் மஞ்சள், கறுப்பு ஒயர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். இதை நம்பி ஏமாறக் கூடாது. மீட்டர் இழுக்கிற மின்சாரம் இல்லை என்றே சொல்லலாம். முப்பது இழையில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் முழு வோல்ட் வந்துவிடும். லோடு கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட், 55 வாட் பல்பு ஒன்றை அந்த இரண்டு ஒயரிலும் கட்டுங்கள். அது சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும், நடுத்தரச் சத்தத்தில் பாடும் செட் இழுப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் ஒரு ரீடிங், பல்பின் முனைகளில் ஒரு ரீடிங் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த லைனை அப்படியே கழற்றிப் போட வேண்டியதுதான். பல்பின் கண்ணாடி கொதிக்கும். பெட்ரோல் டேங்க் பக்கம் வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

வித்தியாசம் குறைவாக இருந்தாலும் ஒயரின் முனையில் ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள். நல்ல செம்பு பளிச்சென்று இருக்கும். கெட்டுப்போனது கறுத்து, இழைகளுக்கு நடுவில் பச்சைப் பொடி அடைந்து, இரண்டு தடவை மடித்தால் ஒடியும். இன்னும் ஓர் அடி வெட்டிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் அது முழு நீளத்துக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். வெட்டிய முனையில் படும் உப்பு ஈரத்தை இழைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கு உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டே போகும். மேலே உறை புதிதாகவே தெரியும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் சாதாரணச் செம்பு ஒயர் படகில் நிற்காததற்குக் காரணம் இதுதான். வெள்ளீயம் பூசிய, பல இழை உள்ள செம்பு ஒயர்தான் வேண்டும். கடையில் 'டின்டு காப்பர்' என்று கேட்டால் தருவார்கள்.

எவ்வளவு தடிமன் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். பேட்டரியிலிருந்து ஸ்டியரிங் டாஷ்போர்டு வரை 5 மீட்டர் என்றால் போக, வர 10 மீட்டர். 2.5 சதுர மி.மீ. (ச.மி.மீ.) ஒயரில் 10 மீட்டருக்கு 0.07 ஓம் வரும். செட் 10 ஆம்பியர் இழுக்கும் நொடியில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 ச.மி.மீ. என்றால் 0.44 வோல்ட், 6 ச.மி.மீ. என்றால் 0.3 வோல்ட்டுக்குள். தனி ஆம்பிளிபயர் இல்லாத செட்டுக்கு 4 ச.மி.மீ. போதும். பிறகு ஆம்பிளிபயர் வைக்கும் எண்ணம் இருந்தால் அதற்குப் பேட்டரியிலிருந்து தனி லைன் இழுக்க வேண்டும், செட்டின் லைனில் கிளை எடுக்கக் கூடாது.

பாசிட்டிவ் ஒயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். செட்டின் முதுகில்தான் ஏற்கெனவே 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். முதுகில் இருப்பது செட்டுக்குக் காவல், பேட்டரி பக்கம் இருப்பது ஒயருக்குக் காவல். நடுவில் எங்கோ பலகை விளிம்பில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், செட்டின் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. 5 மீட்டர் ஒயரும் பழுத்துப் பைபரைப் பற்றவைக்கும். 4 ச.மி.மீ. லைனுக்கு 15 ஆம்பியர், மூடியுள்ள பியூஸ் ஹோல்டரோடு.

இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றுவது கடலோரத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. வெறும் சால்டரிங்கும் வேண்டாம். சால்டர் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்துப்போய், படகு அலையில் குதிக்கக் குதிக்க அங்கேயே ஒடியும். பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் உறை) லக்கைக் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, சூடு காட்டி, ஓரத்தில் பசை பிதுங்கி வருகிறதா என்று பாருங்கள். பசை வெளியே தெரிந்தால்தான் உள்ளே அடைத்திருக்கிறது. ஒயரை 30 செ.மீ.க்கு ஒரு கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

எர்த்தும் மஞ்சள் ஒயரும்

கார் ஸ்டீரியோ மெக்கானிக்கைக் கூட்டி வந்தால் இந்த இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். காரில் பாடி முழுவதும் நெகட்டிவ். அவர் கை தானாகக் கறுப்பு ஒயரைப் பக்கத்து போல்ட்டில் முடுக்கும். பைபர் படகில் பாடி என்று ஒன்றும் இல்லை. கூரைக் குழாயிலோ ஸ்டியரிங் பிராக்கெட்டிலோ எர்த் கொடுத்தால் சில நேரம் செட் எரியும். அப்படி எரிந்தால், மின்சாரம் ஸ்டியரிங் கேபிள், இன்ஜின் பிராக்கெட் வழியாகத் திரும்பிப் போகிறது என்று பொருள். தண்ணீரில் நனையும் உலோகத்தில் அந்த மின்சாரம் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். கறுப்பு ஒயரும் பாசிட்டிவ் ஒயர் அளவுக்கே தடிமனாக, பேட்டரி நெகட்டிவ் வரை போய்த்தான் ஆக வேண்டும்.

மஞ்சள் ஒயர் நேரடி 12 வோல்ட்டுக்கு. கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் ஓடும். சிவப்பு, சாவி போட்டால் வரும் லைனுக்கு. காரில் இது சரி. தினமும் ஓட்டாத படகில், செட் அணைந்திருக்கும்போது மஞ்சள் ஒயர் 5 மில்லிஆம்பியர் இழுத்தாலே மாதத்துக்கு 3.6 ஆம்பியர் மணி போய்விடும். அது பேட்டரியின் இயல்பான சுயக்கசிவோடு சேர்ந்துகொள்ளும். கார்த்திகையில் மழை கொட்டும் இரவில் கட்டிக் கிடக்கும் படகைக் காப்பாற்றுவது, அடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் பில்ஜ் பம்பு. அதற்கு வைத்திருக்கும் மின்சாரத்தைக் கடிகாரத்துக்குக் கொடுப்பது சரியில்லை. மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சுவிட்சில் போடுங்கள். ஸ்டேஷன் நினைவு அழிந்தால் மறுபடி தேடிக்கொள்ளலாம். பில்ஜ் பம்பின் லைனும் பியூஸும் மட்டும் எப்போதும் தனி. ஸ்டீரியோவை அதில் சேர்க்கவே கூடாது.

அடுத்தது இன்ஜின் தரும் வோல்ட். கயிறு இழுத்து ஓட்டும் சின்ன அவுட்போர்டுகள் (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்கள்) பலவற்றில் மின்சாரம் தரும் சார்ஜிங் சுருளும், அதை டி.சி.யாக மாற்றும் ரெக்டிபயரும் மட்டும்தான் இருக்கும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருக்காது. பேட்டரி நிறைந்த பிறகும் முழு வேகத்தில் ஓட்டினால் வோல்ட் 15-ஐத் தாண்டி ஏறும். செட்டின் உச்ச வரம்பு கையேட்டில் போட்டிருக்கும், பெரும்பாலும் 14.4 முதல் 16 வரை. மீட்டரைப் பேட்டரியில் வைத்து, ஐடிலில் ஒரு முறை, முழு வேகத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் செட்டை மாட்ட வேண்டும். தாண்டினால் அந்த இன்ஜினுக்கான ரெகுலேட்டர் ரெக்டிபயர் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி லக்கு கழன்றால் அந்தக் கணத்தில் பாயும் வோல்ட் செட்டைக் கொன்றுவிடும். பேட்டரி முனையில் கையால் முடுக்கும் பறவை நட் (விங் நட்) போட்டிருந்தால் எடுத்துவிட்டு, ஸ்பிரிங் வாஷரோடு ஸ்பேனர் நட் போடுங்கள்.

ஸ்பீக்கரில் ஒளிந்திருக்கும் பொதுக் கம்பி

புது செட்டை முதல் நாளே சாகடிப்பது இதுதான். பழைய செட்டுகள் சிலவற்றில் எல்லா ஸ்பீக்கரின் நெகட்டிவும் எர்த்தான். அந்தக் காலத்தில் ஒயர் மிச்சம் பிடிக்க, இடது வலது ஸ்பீக்கர்களுக்குச் சேர்த்து ஒரே நெகட்டிவ் ஒயரை இழுத்திருப்பார்கள். இன்றைய செட்டில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு முனையிலும் ஆம்பிளிபயர் வேலை செய்கிறது. இரண்டிலும் சுமார் 6 வோல்ட் நிற்கும். இரண்டு நெகட்டிவைச் சேர்த்தாலோ, ஒன்றை எர்த்தில் தொட்டாலோ செட் பாதுகாப்புக்குப் போய் அணையும், அல்லது ஐ.சி. புகையும்.

புது செட்டை இணைக்கும் முன் பழைய ஸ்பீக்கர் ஒயர்களை மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பாருங்கள். ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயருக்கு நடுவில் 3.2 முதல் 3.8 ஓம் வந்தால் அது நல்ல 4 ஓம் ஸ்பீக்கர். ஒன்றுமே காட்டாவிட்டால் ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் அறுந்திருக்கும். ஒன்றுக்குக் கீழே காட்டினால் ஒயர் ஷார்ட். பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரையும் பேட்டரி நெகட்டிவோடும், அடுத்த ஸ்பீக்கரின் ஒயரோடும் வைத்துப் பாருங்கள். எதிலும் தொடர்பு காட்டவே கூடாது. காட்டினால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 1.5 ச.மி.மீ. இரட்டை ஒயர் புதிதாக இழுக்க வேண்டும். அதற்குச் சுருக்குவழி கிடையாது.

நிறங்கள் பெரும்பாலான செட்டுகளில் ஒன்றுதான்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். நீல ஒயரும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டதும் ஆண்டெனாவுக்கும் ஆம்பிளிபயருக்கும் போகிறவை. தேவையில்லை என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்லீவ் போட்டு மூடுங்கள். பிளஸ், மைனஸ் தெரியாத ஸ்பீக்கருக்கு 1.5 வோல்ட் டார்ச் செல்லை ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும். கூம்பு வெளியே வந்தால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ஒரு ஸ்பீக்கர் மாறிப் போனால் சத்தம் இருக்கும், ஆனால் பேஸ் (கனத்த அடிச்சத்தம்) காணாமல் போய்விடும்.

காகிதக் கூம்பு ஸ்பீக்கர்களை மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு உள்ள கடல் வகை ஆறரை அங்குலம் போதும். அட்டையில் '50 வாட் x 4' என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பெரிய ஸ்பீக்கருக்குப் போக வேண்டாம். தனி ஆம்பிளிபயர் இல்லாத செட் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு 20 வாட்டை ஒட்டித்தான்.

புது இடத்தில் ஓட்டை போடுவதானால் இதை அவசியம் கவனியுங்கள். பல பைபர் படகுகளில் அணியத்திலும் (முன்புறம்) பின்புறத்திலும் உட்காரும் பெட்டிகளுக்குள் நுரையோ தெர்மாகோலோ அடைத்து மூடியிருப்பார்கள். படகில் தண்ணீர் புகுந்தாலும் மூழ்காமல் மிதக்க வைப்பது அந்த அறைகள்தான். ஸ்பீக்கருக்காக ஐந்து அங்குல ஓட்டையை அங்கே போட்டால் மிதப்பு போனது. தட்டிப் பாருங்கள், பிறகு 3 மி.மீ. துளை ஒன்று போட்டுக் கம்பி விட்டுப் பாருங்கள். நுரை தட்டுப்பட்டால் அந்தத் துளையை எபாக்சி வைத்து அடைத்துவிட்டு வேறு இடம் தேடுங்கள். பெட்ரோல் டேங்க் இருக்கும் அறையும் கூடாது. திசைகாட்டி இருக்கும் படகில் ஸ்பீக்கர் காந்தத்தை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப் ஒட்டி, வட்ட ஓட்டை அறுக்கும் ஹோல் சாவை முதலில் எதிர்த்திசையில் சுழலவிட்டு மேல்பூச்சை அறுத்துக்கொண்டால் விளிம்பு சிதறாது. முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம், பைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நடுவில் பிளைவுட் தெரிந்தால் விளிம்பு முழுவதும் எபாக்சி பூசுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் எபாக்சி சரியாக இறுகாது. இந்த வேலைக்குத் தை முதல் ஆவணி வரைதான் நல்லது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி நிற்பதால், பைபர் வேலை தெரிந்த ஆள் கிடைப்பது சிரமம்.

எந்த செட்?

பழைய ஓட்டை 182 x 53 மி.மீ. என்றால் ஒற்றை டின் (கார் செட்டின் பொது அளவு). கடல் வகை செட்டுகளிலும் அதே அளவு கிடைக்கும். சி.டி. இல்லாத செட்டுக்கு ஆழம் குறைவு, பின்னால் கை போக இடம் இருக்கும். தண்ணீர் தாங்கும் அளவைச் சொல்லும் ஐ.பி.எக்ஸ். 5, 6 என்று போட்டிருப்பது பெரும்பாலும் முகப்புக்கு மட்டும்தான் பொருந்தும். பின்பக்கம் திறந்தே இருக்கும். அதனால் டாஷ்போர்டின் உள்பக்கம் மேலிருந்து சொட்டுகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஒயர்கள் செட்டுக்குள் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். முகப்பைச் சுற்றிப் பூசும் சிலிக்கான் வினிகர் வாசனை அடித்தால் வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை கேளுங்கள். ஸ்க்ரூ 316 தர எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு).

மீடியம் வேவ் உள்ள செட்டையே எடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு மின்கம்பமும் செல்போன் டவரும் சாய்ந்து கிடந்த ஊர்களில், பேட்டரியில் பாடும் வானொலியின் மதிப்பு தெரிந்தது. புளூடூத் மட்டும் உள்ள செட் அந்த மாதிரி நாளில் வெறும் பெட்டி. வெளிநாட்டிலிருந்து வரும் செட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க அமைப்பில் மீடியம் வேவ் 10 கிலோஹெர்ட்ஸ் படியில் தாவும். திருச்சி வானொலியின் 936 அதில் கிடைக்காது, 930-இலிருந்து 940-க்குப் போய்விடும். அமைப்பில் 'ரீஜன்' என்ற இடத்தை ஆசியா அல்லது ஐரோப்பா என்று மாற்றினால் 9 கிலோஹெர்ட்ஸ் படி வரும், 936-இல் நிற்கும். செட் பழுது என்று திருப்பி அனுப்புமுன் இதைப் பாருங்கள்.

ஆண்டெனாவில் காரைப் பின்பற்றினால் ஏமாற்றம்தான். கார் குச்சி ஆண்டெனாவுக்குக் காரின் இரும்புக் கூரை மறுபாதி. பைபர் படகில் அந்த மறுபாதி இல்லை, அதனால் கரையிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே காரைக்கால் எப்.எம். 100.3 இரைச்சலாகிவிடும். அந்த உலோக மறுபாதி தேவைப்படாத கடல் வகை ஆண்டெனா வாங்கலாம். எப்.எம். மட்டும் போதுமென்றால் 75 ஓம் டி.வி. கேபிளிலேயே செய்துகொள்ளலாம்: நடுக்கம்பியோடு 71 செ.மீ. ஒயர் மேல் நோக்கி, வலைக்கம்பியோடு 71 செ.மீ. ஒயர் கீழ் நோக்கி, இரண்டும் ஒரே நேர்கோட்டில். கூரையைத் தாங்கும் பைபர் தூணின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பைபர் அலையைத் தடுக்காது, எஸ்.எஸ். குழாய்க்குள் விட்டால் ஒன்றும் கேட்காது. கேபிள் சேரும் இடத்தை ஸ்லீவ் போட்டு அடையுங்கள். 936-க்கு இது பத்தாது, ஒன்றே கால் மீட்டர் குச்சி வேண்டும்.

கோடியக்கரை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, பிச்சாவரம் பக்கம் போனால் செட்டை அணைத்துவிடுங்கள். கோடியக்கரை 2002-லிருந்தும் பிச்சாவரம் 2022-லிருந்தும் ராம்சர் தளங்கள் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள்). ஐப்பசி முதல் பங்குனி வரை வலசைப் பறவைகள் அங்கே இரை தேடுகின்றன. திறந்த தண்ணீரில் ஒலி வெகுதூரம் போகும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியும் தடை இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் பேட்டரியில் முதலில் பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். கழற்றும்போது இதைத் தலைகீழாக. செட்டைப் பாடவிட்டு இன்ஜினை ஏற்றுங்கள். வேகம் கூடக்கூட 'ங்ங்ங்' என்று சுருதி ஏறினால் சத்தத்தை அடியோடு குறைத்துப் பாருங்கள். அப்போதும் கேட்டால் அது பவர் ஒயர் வழியாக வருகிறது: எர்த் பேட்டரி வரை போகிறதா, லக்கு இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் 15 ஆம்பியர் நாய்ஸ் பில்டர் ஒன்றைச் செட்டை ஒட்டி மாட்டுங்கள். சத்தத்தைக் குறைத்தால் இரைச்சலும் மறைகிறது, எப்.எம்.மில் மட்டும் வருகிறது என்றால் ஆண்டெனா வழி. எல்.இ.டி. விளக்கு, மொபைல் சார்ஜர் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மலிவு யு.எஸ்.பி. சார்ஜர்தான். அதை மாற்றுங்கள், அல்லது அதன் ஒயரைச் செட்டிடமிருந்து ஒரு முழம் தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோங்கள்.